கடைமடைக்கு இரத்தம் போகிறதா?

டெங்கு பரவும் மாதங்களில், காய்ச்சல் கண்ட குழந்தையிடம் மருத்துவர் ஒரு சின்னக் காரியம் செய்வதைப் பலரும் பார்த்திருப்போம். பிரஷர் பார்த்து முடித்த பிறகு குழந்தையின் விரல் நுனியைச் சில நொடிகள் அழுத்திப் பிடிப்பார். விட்டுவிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பாதத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். “பிரஷர் நார்மலாத்தான் இருக்கு. ஆனாலும் அட்மிஷன் போட்டுடலாம்மா” என்பார். தாய்க்குக் குழப்பம். காய்ச்சல் நேற்றே விட்டுவிட்டது, பிரஷரும் சரியாக இருக்கிறது, பிறகு எதற்குப் படுக்கை?

பிரஷர் கருவிக்கு எட்டாத ஓர் இடத்தை மருத்துவர் அந்த விரல் நுனியில் பார்த்தார். அது எந்த இடம் என்பதை இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். வைகை அணையின் நீர்மட்டம் 71 அடியை எட்டிவிட்டது என்று செய்தி வரும். அந்தத் தண்ணீர் மதுரை, மானாமதுரை, பார்த்திபனூர் மதகணை எல்லாம் தாண்டி இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. கண்மாய்க்கு வந்தாலும், மடை திறந்து, வாய்க்கால் ஓடி, கடைமடை வயல் நனைந்ததா என்பது அதற்கும் அடுத்த கேள்வி. அணையில் எத்தனை அடி என்று கேட்டா பயிர் வளர்கிறது? வேரடியில் ஈரம் இருந்தால் வளரும், இல்லாவிட்டால் காயும். உடம்பில் பிரஷர் என்பது அணையின் அடிக்கணக்கு. செல்கள் கடைமடைப் பயிர்கள்.

இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அகலம். அது கிளை கிளையாகப் பிரிந்து மெலிந்துகொண்டே போகிறது. கடைசியில் நுண்தமனிகள். இவற்றின் சுவரைச் சுற்றித் தசை வளையம் இருக்கிறது. வளையம் இறுகினால் ஓட்டம் குறையும், தளர்ந்தால் கூடும். மடைப்பலகையை ஏற்றி இறக்கும் வேலை இங்கேதான் நடக்கிறது. அதைத் தாண்டினால் தந்துகிகள். பள்ளிப் புத்தகத்தில் படித்த அதே தந்துகிதான். அகலம் 5 முதல் 10 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்குதான் மைக்ரான். இரத்தச் சிவப்பணுவோ 7, 8 மைக்ரான் அகலம் கொண்டது. ஆகவே பல தந்துகிகளில் அது உடம்பை வளைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைந்து போக முடியும். வேகமும் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான். அந்த நிதானம் தேவைப்படுகிறது. சிவப்பணு சுமந்து வந்த ஆக்சிஜன் சுவரைக் கடந்து செல்லுக்குப் போவது இந்த இடத்தில்தான். பெரிய குழாய்கள் எல்லாம் இரத்தத்தை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்கான வழி மட்டுமே. நுண்தமனி, தந்துகி, நுண்சிரை மூன்றும் சேர்ந்த இந்த வலைக்கு நுண்சுற்றோட்டம் என்று பெயர்.

இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், இதய மருத்துவர் சோமராஜுவுடன் சேர்ந்து 1990களில் குறைந்த விலை ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினார். கலாம்–ராஜு ஸ்டென்ட் என்று அது பெயர் பெற்றது. அந்த வகை ஸ்டென்ட் போய் உட்காரும் இதயத் தமனி சுமார் 3 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். தந்துகி அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறியது; எண்ணிக்கையோ கோடானுகோடி. அங்கே அடைப்பு விழுந்தால் ஸ்டென்ட் வைத்துத் திறக்க வழியில்லை. பல காலம் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வழியில்லாமல்தான் இருந்தது.

இரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று 1628இல் நிறுவிய வில்லியம் ஹார்வி தந்துகியைப் பார்த்ததில்லை. தமனி வழியே போன இரத்தம் சிரை வழியே திரும்புகிறது, இடையில் ஏதோ பாதை இருந்தே ஆகவேண்டும் என்பது அவருடைய தர்க்கம். அந்தப் பாதையை 1661இல் இத்தாலியின் மார்செல்லோ மல்பீஜி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துக் கண்டுபிடித்தார். அப்போது ஹார்வி உயிரோடு இல்லை. டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோ, தசை ஓய்வில் இருக்கும்போது ஒரு பகுதித் தந்துகிகளிலும், உழைக்கும்போது இன்னும் பலவற்றிலும் இரத்தம் ஓடுவதைக் காட்டி 1920இல் நோபல் பரிசு பெற்றார். தேவைக்கேற்ப மடைகள் திறந்து மூடுகின்றன என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் இதெல்லாம் ஆய்வுக்கூட மேசையில் கண்டவை. ஐ.சி.யு. கட்டிலில் கிடக்கும் மனிதரின் தந்துகிகளைப் பார்ப்பதற்கு 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எதற்காகப் பார்க்க வேண்டும்? ஐ.சி.யு. மருத்துவர்களை நெடுநாள் உறுத்திய ஒரு புதிர்தான் காரணம். செப்சிஸ் என்று ஒரு நிலை உண்டு. “ரத்தத்துல இன்ஃபெக்‌ஷன் கலந்துடுச்சு” என்று உறவினர்களிடம் சொல்வார்கள். கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் தற்காப்பே கட்டுமீறி உறுப்புகளைச் சேதப்படுத்தும் நிலை அது. பிரஷர் விழும். சலைன் ஏற்றுவார்கள், நார்அட்ரினலின் மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்கள், பிரஷர் ஏறிவிடும். மானிட்டரில் எண்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனாலும் சிலருக்குச் சிறுநீர் நின்றுபோகும், நினைவு மங்கும், இரத்தத்தில் லாக்டேட் என்ற அமிலப் பொருள் கூடிக்கொண்டே போகும். அணை நிரம்பியிருக்கிறது, பயிர் காய்கிறது.

1999இல் அந்தக் கடைமடையைப் பார்ப்பதற்கு ஒரு கைக்கருவி வந்தது. தடித்த பேனா போன்ற முனையை நோயாளியின் நாக்கடியில் மெல்ல வைப்பார்கள். அதிலிருந்து பச்சை ஒளி பாயும். நாக்கடியின் சவ்வு மிக மெல்லியது. ஒளி உள்ளே போய்ச் சிதறித் திரும்பும். சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் மட்டும் பச்சை ஒளியை விழுங்கிவிடும். எனவே திரையில் வெளிர் பின்னணியில் சிவப்பணுக்கள் கரும்புள்ளிகளாக ஊர்வது தெரியும். ஊசி குத்த வேண்டாம், சாயம் ஏற்ற வேண்டாம். ஓடும் இரத்தத்தை அப்படியே பார்க்கலாம். நெதர்லாந்தின் ஜான் இன்ஸ் குழுவினர் இந்த நுட்பத்தை நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்து பல ஆண்டுகள் மெருகேற்றினார்கள்.

பிரஸ்ஸல்ஸில் டேனியல் டி பாக்கர் குழுவினர் செப்சிஸ் கண்ட 50 பேரின் நாக்கடியை இப்படிப் பார்த்து 2002இல் வெளியிட்ட முடிவு ஐ.சி.யு. மருத்துவத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆரோக்கியமானவர்களின் நாக்கடியில் கிட்டத்தட்ட எல்லாச் சிறு குழாய்களிலும் இரத்தம் ஓடியது. செப்சிஸ் நோயாளிகளுக்கு அவற்றில் ஒரு பெரும் பகுதியில் ஓட்டம் நின்றிருந்தது, அல்லது விட்டுவிட்டு ஓடியது. இறந்தவர்களிடம் இந்தக் கோளாறு இன்னும் கூடுதல். ஒரு குழாயில் இரத்தம் விரைந்து ஓட, அதற்குப் பக்கத்துக் குழாய் வற்றிக் கிடக்கும். மொத்த ஓட்டத்தைச் சராசரியாக அளந்தால் எல்லாம் சரி என்றே தோன்றும். அந்தச் சராசரிக்குள் பட்டினி கிடக்கும் செல்கள் ஒளிந்திருக்கும்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னொன்று. குழாய்களைத் தளர்த்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை அவர்கள் நாக்கடியில் நேரடியாகத் தடவிப் பார்த்தார்கள். நின்றிருந்த ஓட்டம் மீண்டது. அடைபட்டதாகத் தோன்றிய வாய்க்கால்கள் தூர்ந்துபோகவில்லை, திறக்கக்கூடிய நிலையிலேயே இருந்தன என்பதற்கு அது சான்று. அதே குழுவினர் 2004இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், செப்சிஸால் பிரஷர் விழுந்து அதிர்ச்சி (ஷாக்) நிலைக்குப் போனவர்களை நாள்தோறும் பார்த்தார்கள். பிழைத்தவர்களுக்கு நுண்சுற்றோட்டம் சீக்கிரம் சீரடைந்தது. பல உறுப்புகள் செயலிழந்து இறந்தவர்களுக்கு, பிரஷர் மீண்ட பிறகும் அது சீரடையவே இல்லை.

இந்த நாக்கடிக் கேமரா சொன்ன இன்னொரு கதை இராமேஸ்வரம் தீவுக்கு நேரடியாக வேண்டியது. இந்தத் தீவு நெடுங்காலம் மலேரியாவோடு போராடிய இடம். புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தின் அறிஞர்கள் 1980களில் இங்கே வந்து, அனாபிலஸ் குலிசிபேசிஸ் என்ற கொசு நோயைப் பரப்பும் விதத்தை ஆராய்ந்தார்கள். மலேரியாவில் உயிரைப் பறிக்கும் வகை பால்சிபாரம். அதன் ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு பிசுபிசுப்பாகித் தந்துகியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளைத் தந்துகிகளில் இப்படி ஒட்டினால் நோயாளி நினைவிழக்கிறார். இறந்தவர்களின் மூளையைப் பார்த்து இதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஊகித்திருந்தார்கள். உயிரோடு இருப்பவரிடம் நேரில் காட்டியது, ஆர்யன் டோன்டார்ப் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் அதே வகைக் கேமராவை மலக்குடலின் உள்சவ்வில் வைத்துப் பார்த்தார்கள். அடைபட்ட தந்துகிகள் எத்தனைக்கெத்தனை அதிகமோ, அத்தனைக்கத்தனை நோயின் கடுமையும் லாக்டேட்டும் அதிகம். கடும் மலேரியா கண்ட பெரியவர்கள் பலருக்குப் பிரஷர் விழுவதே இல்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். தண்ணீர் குறைந்ததால் வந்த வறட்சியாக இருந்தால் சலைன் ஏற்றினால் போதும். இங்கே வாய்க்காலே அடைபட்டிருக்கிறது. சலைனைக் கொட்டினால் அது நுரையீரலில் தேங்கி மூச்சைத் திணறடிக்கும். ஒட்டுண்ணியை விரைந்து கொல்லும் ஆர்ட்டிசுனேட் ஊசிதான் வழி. இந்தியா உட்பட நான்கு நாடுகளில் நடந்து 2005இல் வெளியான பெரிய ஆய்வில், குயினின் பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 பேர். தமிழகத்தில் மலேரியா இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. பிரஷர் ஒன்றை மட்டும் பார்த்து எல்லா நோய்க்கும் ஒரே வைத்தியம் செய்யக் கூடாது என்ற பாடத்தை அது விட்டுச் சென்றிருக்கிறது.

இவ்வளவு காட்டிய கேமரா ஏன் எல்லா மருத்துவமனைகளுக்கும் வந்து சேரவில்லை? விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பயன்படுத்துவதில் உள்ள சிரமம். முனையைக் கொஞ்சம் அழுத்தி வைத்தாலும் அந்த அழுத்தமே ஓட்டத்தை நிறுத்திவிடும். எச்சில் குமிழி மறைக்கும், நோயாளி அசைந்தால் படம் ஆடும். எடுத்த காட்சியை நிதானமாக உட்கார்ந்து எண்ணிக் கணக்கிட வேண்டும். அந்த நேரத்துக்குள் நோயாளியின் நிலை மாறியிருக்கும். இன்றும் அது பெரும்பாலும் ஆய்வு நடத்தும் இடங்களின் கருவியாகவே இருக்கிறது.

அதனால் மருத்துவ உலகம் மறுபடியும் விரல் நுனிக்கே வந்து நிற்கிறது. உடம்புக்கு நெருக்கடி வந்தால் மூளையையும் இதயத்தையும் காப்பாற்றுவதற்காக முதலில் மூடப்படுவது தோலின் மடைகள்தான். விரல் நுனி கடைமடையிலும் கடைமடை. அங்கே வறட்சி முதலில் தெரியும். அழுத்தினால் தந்துகிகளில் உள்ள இரத்தம் பிதுங்கி விலகி, இடம் வெளுக்கும். விட்டதும் இரத்தம் திரும்பி வந்து நிறம் மீள எத்தனை நொடி ஆகிறது? அதுதான் தந்துகி மீள்நிரப்பு நேரம். குழந்தைகளுக்கு 2 நொடிக்குள் நிறம் மீள வேண்டும். 1988இல் ஆரோக்கியமானவர்களை அளந்த அமெரிக்க மருத்துவர்கள், வளர்ந்த பெண்களுக்கு 2.9 நொடிவரையும் முதியவர்களுக்கு 4.5 நொடிவரையும் இயல்பாகவே ஆகலாம் என்று கண்டார்கள். குளிரில் நேரம் நீளும். ஏ.சி. அறையில் கை சில்லிட்டிருந்தால் விடை தவறும். கண் மதிப்பாகச் சொன்னால் ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் ஒத்துப்போகாது. இந்தக் குறைகளால் பலரும் இதை ஒரு பழங்காலச் சோதனை என்று ஒதுக்கியே வைத்திருந்தார்கள்.

சிலி நாட்டின் க்ளென் ஹெர்னாண்டஸ் குழுவினர் அதை ஒதுக்கவில்லை, ஒழுங்குபடுத்தினார்கள். நுண்ணோக்கிக்குப் பயன்படும் கண்ணாடிச் சில்லு ஒன்றை வலக்கை ஆட்காட்டி விரலின் உட்பக்க நுனியில் வைத்து, தோல் வெளுக்கும்வரை அழுத்தி, 10 நொடி அப்படியே பிடித்திருப்பது. விட்டதும் கடிகாரத்தைப் பார்ப்பது. 3 நொடியைத் தாண்டினால் கோளாறு. இவ்வளவுதான் முறை. ஐந்து தென் அமெரிக்க நாடுகளின் 28 மருத்துவமனைகளில் செப்சிஸ் அதிர்ச்சி கண்ட 424 பேரை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் லாக்டேட் இரத்தப் பரிசோதனையை வைத்துச் சிகிச்சை. மறுபாதிக்கு அரைமணிக்கு ஒருமுறை பார்க்கும் இந்த விரல் நுனிச் சோதனையை வைத்துச் சிகிச்சை. ஆண்ட்ரோமிடா ஷாக் என்ற பெயரில் 2019இல் முடிவு வந்தது. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் லாக்டேட் குழுவில் நூற்றுக்கு 43.4, விரல் நுனிக் குழுவில் 34.9. இந்த இடைவெளி தற்செயலாக வந்திருக்குமா என்று சோதிக்கும் புள்ளியியல் அளவுகோலில் அது மயிரிழையில் தேறவில்லை. எனவே விரல் நுனி உயிரைக் கூடுதலாகக் காக்கிறது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. செலவு பிடிக்கும் இரத்தப் பரிசோதனைக்கு இது குறைந்துபோகவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். லாக்டேட் இறங்குவதற்கு மணிக்கணக்கில் ஆகும். விரல் நுனி நிமிடக் கணக்கில் பதில் சொல்லிவிடுகிறது. ஆகவே தேவைக்கு மேல் சலைன் ஏற்றாமல் நிறுத்தவும் அது உதவுகிறது. செப்சிஸ் சிகிச்சைக்கான 2021 உலக வழிகாட்டுதலில் இந்தச் சோதனைக்கும் இடம் கிடைத்தது. 19 நாடுகளில் நடந்து 2025இல் வெளியான இரண்டாம் ஆய்விலும் இறப்பில் வேறுபாடு இல்லை. ஆனால் விரல் நுனியை வழிகாட்டியாகக் கொண்டவர்களுக்கு உயிர்காக்கும் மருந்துகளும் கருவிகளும் தேவைப்பட்ட நாட்கள் குறைந்தன.

கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய விரல் கிளிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது 98 காட்டினால் இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது. வருகிற சிவப்பணுக்கள் ஆக்சிஜனை நிறையச் சுமந்து வருகின்றன என்பதை மட்டுமே அது சொல்கிறது. எத்தனை சிவப்பணுக்கள் வந்து சேர்கின்றன என்பதைச் சொல்வதில்லை. கை சில்லிட்ட நோயாளிக்கு மாட்டினால் அது எண் காட்டாமல் திணறும். ‘மெஷின் ரிப்பேர்’ என்று வேறு கிளிப் தேடுவதற்கு முன் அந்த விரலை ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது. பல சமயம் கிளிப்பில் பழுது இருக்காது, விரலுக்கு ஓட்டம் வராததுதான் காரணமாக இருக்கும்.

இனி டெங்குவுக்கு வருவோம். டெங்குவில் தந்துகிச் சுவர் கசிகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி வயிற்றிலும் நெஞ்சறையிலும் தேங்குகிறது. கசிவு உச்சத்துக்குப் போவது காய்ச்சல் விடுகிற நேரத்தில், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். குழந்தையின் உடம்பு மடைகளை இறுக்கி மூடி, மேல் பிரஷரைக் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். கீழ்ப் பிரஷர் மட்டும் ஏறி ஏறி மேலதை நெருங்கும். 100/80 என்று வந்தால் இரண்டுமே தனித்தனியாக நார்மல் போலத் தெரியும்; இடைவெளி 20க்கு வந்துவிட்டது என்பதுதான் அபாயம். அதற்கும் முன்பே விரல் நுனி 2 நொடியைத் தாண்டியிருக்கும், பாதம் சில்லிட்டிருக்கும். முதல் பத்தியில் வந்த தாயின் கேள்விக்கு இதுதான் பதில். நம் வீடுகளில் டெங்கு என்றாலே “பிளேட்லெட் எவ்வளவு?” என்று மட்டும்தான் கேட்கிறோம். கசிவுதான் குழந்தையை அதிர்ச்சிக்குத் தள்ளுகிறது. பிளேட்லெட் எண்ணை மட்டும் துரத்துவது தவறு என்றே நான் கருதுகிறேன்.

விரல் நுனிக்கும் எல்லை உண்டு. மருதாணியோ நகப்பூச்சோ போட்டிருந்தால் நிறமாற்றம் தெரியாது. அப்போது மார்பெலும்பின் மேல் அழுத்திப் பார்க்கலாம். செப்சிஸின் தொடக்கத்தில் சிலருக்குக் கைகால் கதகதப்பாக, நேரமும் இயல்பாக இருக்கும். அதை நம்பி ஏமாறக் கூடாது. பாரிஸ் மருத்துவர்கள் 2011இல், முழங்காலைச் சுற்றிப் படரும் நீலத் திட்டுகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்து நோயின் போக்கைக் கணித்தார்கள். நம் ஊர்க் கறுப்புத் தோலில் அந்தத் திட்டு எளிதில் தெரியாது. முழங்காலைக் கையால் தொட்டு, உடம்பின் மற்ற பகுதியைவிடச் சில்லிட்டிருக்கிறதா என்று பார்ப்பது நமக்குப் பொருந்தும்.

வீட்டில் இருப்பவர்கள் நொடிக்கணக்குப் பார்த்துத் தாங்களே முடிவெடுக்க வேண்டாம். காய்ச்சல் விட்ட குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கைகால் சில்லிட்டாலோ, வயிற்றுவலியும் விடாத வாந்தியும் இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பிரஷர் நேற்று நார்மல் என்று சொன்னதை நினைத்து ஆறுதல் கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இராமேஸ்வரம் தீவின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிலை மோசமான நோயாளியை இங்கிருந்து பாம்பன் பாலம் கடந்து, 55 கிலோமீட்டர் தள்ளி இராமநாதபுரத்துக்கோ, அங்கிருந்து மதுரைக்கோ அனுப்புகிறீர்கள். அந்த ரெஃபரல் சீட்டில் பிரஷர், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் எண்களுக்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: தந்துகி மீள்நிரப்பு எத்தனை நொடி, எந்த விரலில், எத்தனை மணிக்குப் பார்த்தது. 108 ஆம்புலன்ஸில் போகிறவர் அரைமணிக்கு ஒருமுறை அதே விரலில் அதே மாதிரி பார்த்து அதன் கீழேயே குறிக்கட்டும். அந்தப் பக்கம் நோயாளியை ஏற்கும் மருத்துவருக்கு, வழியில் கடைமடை நனைந்ததா காய்ந்ததா என்பது அந்தச் சீட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.